கோலும் பந்தும் பிழைதிருத்தமும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று விடுக்குமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து செய்யுள் நயமோ இலக்கண ஆராய்ச்சியோ வந்து சேருமென்றே எதிர்பார்த்திருப்பர். யாம் எழுதப் புகுந்ததோ, கோல்ப் என்னும் விளையாட்டில் பந்து வலப்புறமாக வளைந்தோடும் குற்றத்தையும் அதனைத் திருத்தும் முறையையும் பற்றி. பழைய மாணவர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நாள்தோறும் சிவப்பு மையும் கையுமாகப் பிழை திருத்துதலே எமது தொழில். அத்தொழிலின் நெறியை எமக்கு மிகத் தெளிவாகக் காட்டியது ஏட்டுக் கல்வியன்று. ஒரு கோலும் ஒரு சிறு வெண்பந்துமே.

யாம் அவ்விளையாட்டை ஆடுபவர் அல்லேம். அருகிருந்து கண்டவர் மட்டுமே. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்று, நுவரெலியாப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றிற் பணியேற்றுப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. நுவரெலியா நகர் கடல் மட்டத்தின்மேல் ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில், பிதுருதலாகலை மலையின் அடியில் அமைந்துள்ளது. அந்நகரின் நடுவே, 1889ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கோல்ப் கழகத்தின் பதினெட்டுக் குழிகள் கொண்ட புற்றரை பரந்து கிடக்கின்றது. நெடுமரங்கள் இருமருங்கும் நெருங்கி நிற்க, அவற்றிடையே ஒடுங்கிய பாதைகளாகப் புல்வெளி செல்லும். நேராகச் செல்லும் பந்துக்கு அஃது இனிய இடம். வளைந்து செல்லும் பந்துக்கோ மரமும் ஓடையும் புதருமே புகலிடம்.

பந்தை ஏற்றி வைத்து அடிக்கும் சிறு முளைக்கும் அவ்விளையாட்டில் 'டீ' என்றே பெயர். தேயிலை நாட்டார் இதனைக் கேட்டு நகைப்பர். ஆடுவோரின் கோற்பையைச் சுமந்து உடன்செல்வோரைக் 'கெடி' என்பர். அவருள் தோட்டத்து லயங்களிற் பிறந்த தமிழரும் உளர். அத்தகையோருள் ஒரு பெரியவரை யாம் அறிவோம். நாற்பது ஆண்டுகள் பிறர் பையைச் சுமந்தவர். ஆங்கில எழுத்தை அறியார். ஆயின் ஒருவர் கோலை ஓங்கும்பொழுதே அப்பந்து எங்கே விழும் என்று சொல்ல வல்லவர். அவர்தம் மகளின் மகன் எம்மிடம் பத்தாம், பதினோராம் வகுப்புக்களிற் பயின்றான். தந்தை தோட்டத்திற் கவ்வாத்து வெட்டுபவர். தாய் கொழுந்து பறிப்பவர். பதினாறு நிரம்பியதும், வார இறுதியிற் பை சுமந்து கையிற் காசு கண்ட அவ்விளைஞனுக்கு, சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே பள்ளியை விட்டுவிடலாம் என்னும் எண்ணம் தோன்றிற்று. பெரியவரோ, "பள்ளிக்கூடத்துக்குப் போனாத்தான் கோலைத் தொடலாம், இல்லாட்டி பையும் கிடையாது, பந்தும் கிடையாது" என்று கட்டளையிட்டார். இவ்வாறே அவன் ஆட்டத்தில் எமக்கும் அக்கறை உண்டாயிற்று. அவன் கையிலிருந்த கோல் அவனை வகுப்பிற் கட்டி வைக்கும் கயிறாக இருந்ததன்றோ?

அவ்விளைஞனின் வீச்சில் வலிமை இருந்தது; குற்றமும் இருந்தது. அடித்த பந்து சற்றே இடப்புறமாகப் புறப்பட்டு, நடுவழியில் மனம் மாறியதுபோல வலப்புறம் வளைந்து மரத்தினுட் புகும். இக்குற்றத்தை ஆங்கிலேயர் 'ஸ்லைஸ்' என்பர். அரிதல் என்பது அச்சொல்லின் பொருள். கத்தி காயை அரிவதுபோலக் கோலின் முகம் பந்தைக் குறுக்கே அரிந்து செல்லுதலின் அப்பெயர் பொருத்தமானதே. யாம் இதனை வலவிலகல் என்று வழங்குவோம். இடக்கையால் ஆடுவோருக்கு இதுவே இடவிலகலாகும்.

இதன் காரணத்தை அறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர். சுழலும் பந்து வளைந்து செல்லுதலை நியூற்றன், ஒளியைப் பற்றி 1672இல் வெளிவந்த தமது கடிதத்தில், டெனிஸ் பந்தை உவமையாகக் காட்டிக் குறித்தார். 1852இல் ஜெர்மானிய அறிஞர் மக்னஸ் அவ்விளைவை ஆராய்ந்தமையின் இன்று அஃது அவர் பெயரால் வழங்குகின்றது. எடின்பரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெயிற் 1890களிற் கோல்ப் பந்தின் பறப்பையே தனியாக ஆராய்ந்து எழுதினார். அவர்தம் புதல்வர் பிரெடி டெயிற், 1896, 1898 ஆகிய ஆண்டுகளிற் பிரித்தானியத் தொழில்சாராதோர் போட்டியில் வாகை சூடியவர். தந்தை ஏட்டிற் கணித்தார். மைந்தர் புல்லில் அடித்துக் காட்டினார்.

அவ்வாராய்ச்சிகளின் சாரம் இது. கோல்முகம் பந்தைத் தொட்டிருக்கும் காலம் ஒரு வினாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவினதே. அதற்குள் பந்து வேகத்தையும் சுழற்சியையும் ஒருங்கே பெறுகின்றது. கோலின் முகம் எத்திசையை நோக்குகின்றதோ, கோல் எவ்வழியாக வருகின்றதோ, அவ்விரண்டும் ஒன்றாயிருப்பின் பந்து நேரே பின்சுழன்று செல்லும். கோல் வெளிப்புறமிருந்து உட்புறமாகக் குறுக்கே வந்து, முகமும் அவ்வழிக்கு வலப்புறமாகத் திறந்திருப்பின், சுழலும் அச்சு ஒருபால் சாய்ந்துவிடும். சாய்ந்த அச்சில் சுழலும் பந்து காற்றை இடப்புறம் தள்ளும். காற்று பந்தை வலப்புறம் தள்ளும். இதுவே வலவிலகல். சாய்வு குறைந்த முகமுடைய நீண்ட கோல்களில் பின்சுழற்சி குறைவாதலின், அச்சு எளிதிற் சாயும். 'டிரைவர்' என்னும் பெருங்கோலில் இக்குற்றம் பெரிதாகவும் குறுங்கோல்களிற் சிறிதாகவும் தோன்றுவது இதனாலேயே.

பந்து புறப்படும் திசையைக் கோல் வரும் வழியே தீர்மானிக்கின்றது எனப் பழைய ஆசிரியர் பலர் கற்பித்தனர். இந்நூற்றாண்டில் ராடார்க் கருவிகள் பந்தின் பறப்பை அளக்கத் தொடங்கிய பின்னர், புறப்படும் திசையின் பெரும்பங்கு, நான்கில் மூன்று பங்கும் அதற்கு மேலும், கோல்முகம் நோக்கும் திசையினாலேயே அமைகின்றது என்பது தெளிவாயிற்று. ஆதலின் முதலில் நாடவேண்டியது முகத்தை. முகத்தை ஆள்வது கையின் பிடி. பெரியவர் ராடாரைக் கண்டவரல்லர். எனினும் எவர் ஆடினும் முதலில் கையையே பார்ப்பார்.

குற்றமுடையோர் தாமாகவே கைக்கொள்ளும் மருந்து ஒன்றுண்டு. பந்து வலப்புறம் போகின்றதா? இன்னும் இடப்புறமாக நோக்கி நின்று அடித்தால் வளைந்து நடுவே வந்து விழுமன்றோ? கேட்பதற்கு இஃது அறிவுடைய செயலாகவே தோன்றும். எம் மாணவனும் அதனையே செய்தான். கால்களையும் தோள்களையும் இடப்புறம் திருப்பி நின்றான். சில பந்துகள் நடுவே விழுந்தன, அவனும் மகிழ்ந்தான். ஆயின் உடல் இடப்புறம் திரும்புந்தோறும் கோல் வரும் வழி மேலும் குறுக்காகின்றது. குறுக்காகுந்தோறும் அரிதல் மிகுகின்றது; மிகுந்த வளைவுக்கு ஈடாக மேலும் இடப்புறம் திரும்ப வேண்டியதாகின்றது. ஒரு திங்களில் அவன் நின்ற கோலம், இலக்கைப் பாராமல் அயலிலுள்ள தேயிலை மலையைப் பார்ப்பதாயிற்று. குற்றத்துக்கு இடங்கொடுத்து இலக்கை நகர்த்தினால், குற்றம் அவ்விடத்தையும் நிரப்பிக்கொண்டு பின்னும் இடம் கேட்கும்.

பெரியவர் இதனை நெடுநேரம் பார்த்திருந்தார். பின்னர், "தம்பி, நீ பந்தை அடிக்கல்ல, கவ்வாத்து வெட்டுற" என்றார். யாம் வியந்தோம். தந்தையோடு மலையில் நின்று பழகிய அவன் கைகள், கவ்வாத்துக் கத்தியைத் தன்பால் இழுத்து வெட்டும் பழக்கத்தைக் கோலிலும் கொண்டுவந்திருந்தன. செடியின் கிளைக்கு அது சரியான வெட்டு. பந்துக்கு அதுவே குறுக்கு வெட்டு. ஓரிடத்தில் திறமையாக இருப்பது பிறிதோரிடத்தில் பிழையாதல் உண்டு. பிழை செய்பவன் மடையன் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

அவர் மேலும் ஒன்று சொன்னார்: "இங்க மறைஞ்சிருக்கும் சார், கீழ போனா காட்டிக் கொடுத்திரும்." இதன் பொருளை யாம் பின்னரே நூல்களைப் பார்த்து உணர்ந்தோம். நுவரெலியாவின் காற்று கொழும்பின் காற்றைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. பந்தை வளைப்பது காற்றாதலின், மெல்லிய காற்றில் வளைவும் குறையும். மலையில் மரத்தின் ஓரத்தோடு தப்பும் பந்து, 1879இல் தோன்றிய ரோயல் கொழும்புக் கோல்ப் கழகத்தின் தாழ்நிலத்தில் மரத்துள்ளேயே புகுந்துவிடும். மலைநாட்டான் தன் குற்றத்தின் அளவை மலையிலேயே நின்று அறிய முடியாது. அவ்வாண்டிற் கொழும்பில் நடக்கவிருந்த இளையோர் ஆட்டமொன்றுக்கு அவனை அனுப்ப நலம்விரும்பி ஒருவர் முன்வந்திருந்தார். இடையில் ஆறு திங்களே இருந்தன.

திருத்தம் தொடங்கிற்று. தோட்டத்து மைதானமே பயிலுமிடம். பழைய கோல் இரண்டும் தேய்ந்த பந்துகள் சிலவுமே கருவிகள். கற்க விரும்பும் இளையோருக்கு உதவுமாறு அம்முறையை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது பிடி. இடக்கையைக் கோலின்மீது சற்று வலப்புறமாகத் திருப்பி வைத்தல் வேண்டும். குனிந்து நோக்கினால் இடக்கை விரல்களின் அடிக்கணுக்கள் இரண்டோ மூன்றோ கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். ஒன்றே தெரியுமாயின் பிடி தளர்முகமானது. கோல்முகம் திறந்தே வரும். இரு கைகளிலும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தோன்றும் மடிப்பு வலத்தோளை நோக்குதல் வேண்டும். இறுக்கிப் பிடித்தலும் ஆகாது; மணிக்கட்டு விறைத்து முகம் மூடாது. பெரியவர் சொன்ன அளவு இதுவே: "பறிச்ச கொழுந்தைப் பிடிக்கிற மாதிரி, கசங்கவும் கூடாது, விழவும் கூடாது."

இரண்டாவது நிலை. கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பு ஒன்றைத் தரையில் இலக்குக்கு நேராகக் கிடத்தி, கால், இடை, தோள் மூன்றும் அதற்கு இணையாக நிற்றல் வேண்டும். தோளே மிகவும் ஏமாற்றும். கால் நேராக நிற்கத் தோள் மட்டும் இடப்புறம் திரும்பியிருக்கும். பெருங்கோலுக்குப் பந்து இடக்குதிகாலின் உட்புறத்துக்கு நேராக இருத்தல் வேண்டும். அதற்கும் முன்னே சென்றால் தோள் தானே திரும்பிவிடும்.

மூன்றாவது வழி. பந்துக்கு வெளிப்புறத்தில், சற்றுப் பின்னாக, வெற்று அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தனர். கோல் வெளியிலிருந்து குறுக்கே வருமாயின் பெட்டியில் மோதும். உட்புறமாக வருமாயின் பந்தைத் தொடும். இறங்கும் வீச்சுத் தோளிலிருந்து தொடங்காமல் இடையிலிருந்து தொடங்க, வலமுழங்கை விலாவை அணைந்து வருதல் வேண்டும். பெட்டிகள் பல நசுங்கின. கண்டிக்கும் வேலையைப் பெட்டியே செய்தமையின் பெரியவர் வாய்திறக்க வேண்டியிருக்கவில்லை.

நான்காவது முகத்தை மூடுதல். பந்தைத் தொடும் வேளையில் இடப்புறங்கை இலக்கை நோக்கவும், தொட்டபின் வலமுன்கை இடமுன்கையின்மேற் புரண்டு செல்லவும் வேண்டும். இதனை முழுவீச்சிற் கற்றல் இயலாது. இடையளவு உயர்த்தும் அரைவீச்சிலே, குறுங்கோலாற் பல நாள் பயிலுதல் வேண்டும். வினாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கில் எவரும் எதனையும் திருத்தவியலாது. திருத்தம் யாவும் கோல் அசையுமுன் அமைதல் வேண்டும்.

இவ்வரிசையில் பெரியவர் ஒரு நுட்பத்தைக் கண்டிப்பாகக் காத்தார். பிடியையும் முகத்தையும் திருத்திய பின்னரே வழியைத் திருத்தப் புகுந்தார். முகம் திறந்திருக்க வழியை மட்டும் திருத்தினால், பந்து தொடக்கத்திலிருந்தே வலப்புறம் புறப்பட்டு மேலும் வலப்புறம் விலகும். கற்பவன் அஞ்சிப் பழைய வழிக்கே ஓடுவான். முகம் திருந்தி வழி பழையதாகவே இருப்பின், பந்து வளையாமல் இடப்புறமாக நேரே செல்லும். எம் மாணவனுக்கு இவ்வாறே நிகழ்ந்தது. மூன்று கிழமையில் வலவிலகல் மறைந்தது; ஆயின் ஒவ்வொரு பந்தும் இடப்புற வேலியைத் தாண்டிற்று. அவன் கோலை எறிந்துவிட்டு, "முந்தியே நல்லா இருந்துச்சு தாத்தா, இப்ப இன்னும் மோசமாப் போச்சு" என்று அழும் நிலைக்கு வந்தான். பெரியவரோ சிரித்தார். "இதுதான்டா மருந்து வேலை செய்யிற அடையாளம். பந்து நேரா போகுதா இல்லையா? இனிப் பாதையை மட்டும் பார்த்துக்கலாம்" என்றார்.

யாம் அக்கணத்தில் எமது வகுப்பறையை நினைந்தோம். மலைநாட்டுப் பிள்ளைகள் பலர் பழத்தைப் பளம் என்று ஒலிப்பர், ஒலித்தவாறே எழுதுவர். ழகரத்தின் இடத்தை யாம் உணர்த்திய மறுகிழமை, குளத்தையும் குழம் என்று எழுதிக் கொண்டுவருவர். இதனைக் கண்டு, கற்பித்தது வீணாயிற்று என்று வருந்தும் ஆசிரியர் உளர். வீணன்று. பிள்ளை தன் நாவை நம்பி எழுதுவதை விட்டு, எழுத்தை எண்ணி எழுதத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. திருத்தம் முதலிற் புதிய பிழையின் உருவிலேயே வரும். அவ்வேளையிற் பொறுப்பவனே ஆசிரியன்; அவ்வேளையில் கைவிடுபவன் பழைய பிழையையே மாணவனுக்குப் பரிசாக அளித்தவனாவான்.

ஆறு திங்கள் கழிந்து அவன் கொழும்பு சென்றான். யாம் உடன்செல்லவில்லை; அவன் வந்து உரைத்ததையே எழுதுகின்றோம். பெருங்கோலால் அடித்த பதினான்கு பந்துகளில் ஒன்பது நடுப்பாதையிற் கிடந்தன. மூன்று ஓரத்துப் புல்லில் விழுந்தன. இரண்டு மட்டும் பழையபடி வலப்புற மரங்களை நாடின. பரிசு எதுவும் பெறவில்லை. எனினும் தாழ்நிலத்தின் கனத்த காற்று அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. தங்கராஜா, பிரபாகரன் முதலிய தமிழ்ப்பெயர் தாங்கிய இலங்கை வீரர் இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிப் பெயர் பெற்றமையை அறிந்த அவனுக்கு, அவ்வொன்பது பந்துகளும் பெருஞ்செல்வமாகத் தோன்றின.

அன்பர்களே, இக்கட்டுரையை யாம் எழுதியது அவ்வொன்பது பந்துகளுக்காக மட்டுமன்று. மலைநாட்டுத் தோட்டப் பள்ளிகள் பல, 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை, தோட்ட நிருவாகத்தின்கீழ் ஓராசிரியர் பள்ளிகளாகவே இருந்தன; பெரும்பாலானவற்றிற் கல்வி ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அந்நிலை மாறிற்று. இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களிலும் பயில்கின்றனர். ஆயினும் "தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்னும் சொல் இன்னும் ஆசிரியர் அறைகளில் ஒலிக்கின்றது. ஒரு பாடசாலையில், தவணைப் பரீட்சையில் மாணவர் தவறுகின்றனர் என்று வினாத்தாளை ஆண்டுதோறும் எளிதாக்கி வந்தனர். கட்டுரை வினாவை நீக்கினர். பின்னர் சுருக்கம் எழுதும் வினாவை நீக்கினர். தவணைப் புள்ளிகள் உயர்ந்தன, யாவரும் மகிழ்ந்தனர். அரசினர் பரீட்சை வந்தபொழுது, அப்பிள்ளைகள் தம் பிழையின் முழு வளைவையும் முதன்முறையாகக் கண்டனர்.

இஃது இடப்புறம் திரும்பி நின்று அடிப்பதன் வேறு வடிவமே. மெல்லிய காற்றில் ஆடவிட்டுக் குற்றத்தை மறைத்தலும் இதுவே. இரக்கத்தின் பெயரால் இதனைச் செய்கின்றனர். பிள்ளையின் பிடியைப் பார்த்து, விரலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, புதிய பிழை தோன்றும்பொழுதும் உடன்நிற்பதே மெய்யான இரக்கம். அதற்கு நாள் செல்லும், உழைப்பும் மிகும். வினாத்தாளை எளிதாக்குதற்கு ஒரு மாலைப்பொழுதே போதும்.

எம் வகுப்பில் அவ்விளைஞனுக்கென எந்த வினாவையும் யாம் எளிதாக்கவில்லை. கட்டுரையை மூன்று முறை, நான்கு முறை திருப்பி எழுதச் செய்தோம். தாத்தா மைதானத்திற் பெட்டியை வைத்ததுபோல, யாம் ஏட்டின் ஓரத்தில் கோடிட்டு வைத்தோம். சாதாரண தரப் பரீட்சையில் அவன் தமிழில் திறமைச் சித்தி பெற்றான். கணிதத்திற் சாதாரண சித்தி. இப்பொழுது உயர்தர வகுப்பிற் பயில்கின்றான். கோலையும் விடவில்லை.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் அதிபரும் கல்வி அதிகாரிகளும் வினாத்தாள் அமைப்போரும் பலர் உளர். அவர்களை யாம் வேண்டுவது ஒன்றே. பின்தங்கிய பள்ளி ஒன்றின் பெறுபேறு உம் மேசைக்கு வரும்பொழுது, இலக்கை எவ்வளவு நகர்த்தலாம் என்று கணிக்கும் முன்னர், அப்பள்ளிக்கு நேரிற் சென்று பிள்ளைகளின் பிடியைப் பாருங்கள். வாசிப்பு நூல் உளதா, கணித ஆசிரியர் உளரா, எழுத்தை எண்ணி எழுதப் பழக்குவார் உளரா என்று கேளுங்கள். விழாக் காணும் நம் கல்லூரி, மாணவர் எந்த ஊரினர் என்று பார்த்து இலக்கை நகர்த்தியதில்லை. அங்ஙனம் நகர்த்தாது எம்மையும் வளர்த்த அன்னைக்கு எமது வணக்கமும் வாழ்த்தும் உரியன.